கடன் கேட்டால் தூக்கு

அமெரிக்கர்கள் ராஜாவை விரட்டிய கதையை இருநூற்றைம்பது வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விரட்டிய கையோடு அவருடைய சலுகை ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ராஜாமேல், ராஜாவின் கோர்ட்டில், ராஜாவின் சம்மதம் இல்லாமல் எவனும் கேஸ் போட முடியாது. அதுதான் அந்தச் சலுகை. ராஜா கப்பலேறிப் போய்விட்டார். சலுகை போகவில்லை. அதற்கு யார் வாரிசு என்பதில்தான் இன்றுவரை அடிதடி.

பஞ்சாயத்து ஒரு துணிக்கடனில் ஆரம்பித்தது. 1777ல் சுதந்திரப் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சவானா பக்கம் முகாம் போட்டிருந்த படைக்குத் துணிமணி, சாமான் எதுவும் இல்லை. ஜார்ஜியா மாநிலம் பக்கத்து மாநில வியாபாரி ராபர்ட் ஃபார்க்கரிடம் சரக்கு வாங்கியது. பில் 1,69,613 டாலர் 33 சென்ட். அந்த 33 சென்ட்டையும் விடாமல் எழுதிவைத்த மனிதர் எப்பேர்ப்பட்ட கறார்க்காரராக இருந்திருப்பார்! பாவம், எதிரில் இருந்தது அரசாங்கம். போர் முடிந்தது, சுதந்திரம் வந்தது, பணம் மட்டும் வரவில்லை. கேட்டால், "இடையில் இருந்த எங்கள் ஆட்களிடம் அப்போதே கொடுத்துவிட்டோமே" என்றார்கள். இந்தப் பதிலைக் கேட்காத கான்ட்ராக்டர் உலகத்தில் எந்த ஊரிலும் இல்லை.

1784ல் ஃபார்க்கர் போய்ச் சேர்ந்தார். அவருடைய சொத்து நிர்வாகத்தைக் கவனித்த அலெக்சாண்டர் சிஷோம் என்பவர் சும்மா இருக்கவில்லை. ஒரு மாநிலத்தின்மேல் வேறு மாநிலத்துக்காரர் வழக்குப் போட்டால் ஃபெடரல் கோர்ட் விசாரிக்கும் என்று புதிய அரசியல் சட்டத்தில் எழுதியிருந்தது. அதை அவர் அப்படியே நம்பி, ஃபிலடெல்ஃபியாவில் உட்கார்ந்திருந்த சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அவருக்காக வாதாடியவர் எட்மண்ட் ராண்டால்ஃப். அமெரிக்காவின் முதல் அட்டர்னி ஜெனரலே அவர்தான். பதவியில் இருந்துகொண்டே தனியாகவும் பிராக்டீஸ் பண்ணிக்கொள்ளலாம் என்ற பொற்காலம் அது.

ஜார்ஜியா இரண்டு வக்கீல்களை அனுப்பியது. எதற்கு? "எங்கள்மேல் கேஸ் போடவே முடியாது, ஆகவே நாங்கள் வாதாட வரவில்லை" என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வருவதற்கு. வரமாட்டேன் என்று சொல்வதற்காக ஃபீஸ் கொடுத்து ஆள் அனுப்பிய மாநிலத்திடம் துணிக்குக் கொடுக்க மட்டும் பணம் இல்லை.

1793 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சிஷோம் ஜெயித்தார். நால்வரில் ஒருவரான ஜேம்ஸ் வில்சன் பிரமாதமாக எழுதினார். நேர்மையான ஒரு மனிதன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான், அப்படிப்பட்ட மனிதர்கள் பல பேர் சேர்ந்ததுதான் மாநிலம், அது மட்டும் எப்படி நழுவலாம் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கேட்டவர்தான் கொஞ்சம் சிக்கலானவர். நிலத்தில் பணத்தைப் போட்டுப் போட்டு வில்சன் கழுத்துவரை கடனில் இருந்தார். சில வருஷங்களில், சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருக்கும்போதே, கடனுக்காக ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்து கடன்காரர்களுக்குப் பயந்து வட கரோலினாவில் ஈடன்டன் என்ற ஊரில் தஞ்சம் புகுந்தார். ஈடன்டன் யாருடைய ஊர் தெரியுமா? சிஷோம் வழக்கில் "மாநிலத்தின்மேல் கேஸ் போட முடியாது" என்று தனியாக எழுதிய ஜேம்ஸ் ஐர்டெலின் சொந்த ஊர். வில்சன் 1798ல் அங்கேயே இறந்துபோனார். கடன் வாங்கினால் மாநிலமாக இருந்து வாங்க வேண்டும் என்பது அதற்குள் அவருக்குப் புரிந்திருக்கும்.

ஜார்ஜியாவுக்கு வருவோம். தீர்ப்பைக் கேட்டு மாநிலச் சட்டசபையின் கீழவை கொதித்தெழுந்து ஒரு மசோதா நிறைவேற்றியது. இந்தத் தீர்ப்பை அமல்படுத்த எவன் வந்தாலும் அவன் பெருங்குற்றவாளி. அவனைத் தூக்கில் போட வேண்டும். அந்தக் காலத்தில் தூக்கிலிருந்து தப்பவைத்த 'பாதிரியார் சலுகை'யைக் கேட்டும் தப்பிக்க முடியாது. கடனைக் கேட்டால் தூக்கு! நல்லவேளையாக மேலவை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கோர்ட் அமீனா ஒருவர் உயிர் தப்பினார்.

மற்ற மாநிலங்களும் மனசுக்குள் ஜார்ஜியா கட்சிதான். போர்க்கடன் எல்லோர் தலையிலும் இருந்தது. விளைவு, அரசியல் சட்டத்துக்குப் பதினோராவது திருத்தம்: இனிமேல் வேறு மாநிலத்துக்காரர் ஒரு மாநிலத்தின்மேல் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. செனட்டில் 23க்கு 2, கீழ்ச்சபையில் 81க்கு 9. கடனைக் கொடுக்காமல் இருப்பதில் அவ்வளவு ஒற்றுமை. 1795 பிப்ரவரியிலேயே தேவையான மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டன. ஆனால் கணக்குப் பார்த்து "திருத்தம் அமலுக்கு வந்துவிட்டது" என்று ஜனாதிபதி அறிவித்தது 1798ல். நடுவில் மூன்று வருஷம் அது பிறந்தது யாருக்கும் தெரியாது.

"வேறு மாநிலத்துக்காரர்" என்றுதானே போட்டிருக்கிறது, நான் உள்ளூர்க்காரன் ஆயிற்றே என்று லூசியானாவில் ஒருவர் தன் மாநிலத்தின் மேலேயே பத்திர வட்டிக்காக வழக்குப் போட்டார். 1890ல் சுப்ரீம் கோர்ட் அவரையும் திருப்பி அனுப்பியது. திருத்தத்தில் அப்படி எழுதவில்லைதான், ஆனால் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்றது. எழுதியதைப் படிக்கக் கண்ணாடி போதும். எழுதாததைப் படிக்க நீதிபதி வேண்டும்.

இப்படி எல்லாக் கதவும் சாத்திய பிறகு ஒரு சந்து திறந்தது. திறந்தவர்கள் ஏழை எளியவர்கள் இல்லை, ரயில் கம்பெனிக்காரர்கள். மினசோட்டா மாநிலம் 1907ல் ரயில் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது: மைலுக்கு இரண்டு சென்ட். மீறினால் கடும் தண்டனை. பங்குதாரர்கள் ஃபெடரல் கோர்ட்டுக்கு ஓடினார்கள். சட்டத்தை அமல்படுத்தாதே என்று நீதிபதி மாநில அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் யங்குக்கு உத்தரவு போட்டார். யங் மறுநாளே அமல்படுத்தக் கிளம்பினார். கோர்ட் அவமதிப்பு, 100 டாலர் அபராதம், காவலில் வை என்று உத்தரவு.

மாநிலத்தைத் தொடக்கூடாது, ஆனால் தட்டிக்கேட்கவும் வேண்டும். 1908ல் சுப்ரீம் கோர்ட் கண்டுபிடித்த வழி, இரணியன் வாங்கிய வரத்தில் நரசிம்மர் ஓட்டை கண்டுபிடித்த மாதிரி. அரசியல் சட்டத்துக்கு விரோதமான சட்டத்தை அமல்படுத்தும் அந்த நொடியில் அதிகாரியின் பதவி கழன்று விழுந்துவிடுகிறதாம். அங்கே நிற்பது மாநிலம் இல்லை, வெறும் மிஸ்டர் யங். வெறும் மிஸ்டர் யங் மேல் தாராளமாகக் கேஸ் போடலாம். ஆனால் அரசியல் சட்டத்தை மீற வேண்டுமென்றால் அவர் மாநிலமாகவும் இருந்தாக வேண்டுமே? உண்டு, அதற்கு மட்டும் மாநிலம்தான். வாசற்படியில் உட்கார்ந்த நரசிம்மர் பாதி உள்ளே, பாதி வெளியே. தர்க்கத்தில் பாஸ் மார்க் வாங்காத இந்தத் தீர்ப்பை வைத்துத்தான் பின்னால் எத்தனையோ நிறவெறிச் சட்டங்களைத் தடுத்தார்கள். பெரிய மனிதர்கள் தங்கள் வசதிக்கு வெட்டிய வாய்க்காலில் எப்போதாவது நமக்கும் கொஞ்சம் தண்ணீர் வருவது உண்டு.

நஷ்டஈடு கேட்பதற்கான சட்டம் அதற்கு முன்பே இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு, தென் மாநிலங்களில் கு க்ளக்ஸ் க்ளான் கும்பல் கறுப்பின மக்களை வேட்டையாடியது. புகார் கொடுக்கலாம் என்றால் ஷெரிப்பே கும்பலில் இருப்பார், இல்லை கும்பலுக்கு வேண்டியவராக இருப்பார். ஜூரியும் அதே ஊர். ஆகவே 1871 ஏப்ரல் 20ஆம் தேதி ஜனாதிபதி கிராண்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநில அதிகாரத்தைக் காட்டி எவனாவது இன்னொருவனின் அரசியல் சட்ட உரிமையைப் பறித்தால், அவனை ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுத்து நஷ்டஈடு வாங்கலாம். இன்று அதற்குப் பெயர் 1983ஆம் பிரிவு. அது வருஷம் இல்லை, பிரிவின் எண். கோர்ட்டுகள் இதைப் படித்து, உரிமைகளைச் சுருக்கி, விளக்கம் சொல்லி, தாலாட்டுப் பாடித் தூங்கவைத்தன. முதல் ஐம்பது வருஷத்தில் மொத்தம் 21 வழக்குகள்தான். 

எழுப்பிவிட்டவர் ஒரு போலீஸ்காரர். சிகாகோவின் டிடெக்டிவ் ஃபிராங்க் பேப். அந்த ஊரின் என்கவுண்ட்டர் ஸ்பெஷலிஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். லீ மார்வின் நடித்த ஒரு டிவி போலீஸ் தொடருக்கே அவர்தான் முன்மாதிரி என்பார்கள். 1958 அக்டோபர் 29, விடியற்காலை. பேப் தலைமையில் 13 போலீஸார் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டுக்குள் கதவை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள். வாரண்ட் கிடையாது. கணவன் பெயர் மன்றோ. அமெரிக்காவின் ஐந்தாவது ஜனாதிபதிக்கும் அதே பெயர்தான், அதனால் ஒரு சலுகையும் கிடைக்கவில்லை. கணவனையும் மனைவியையும் படுக்கையிலிருந்து எழுப்பி ஹாலில் நிர்வாணமாக நிற்கவைத்தார்கள். ஆறு குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருந்தன. அலமாரியை இழுத்துப் போட்டு, மெத்தையைக் கிழித்தார்கள். மன்றோவை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய்ப் பத்து மணி நேரம் ஒரு கொலையைப் பற்றி விசாரித்தார்கள். பிறகு குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் "போய்க்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். வழக்கு மனுவில் எழுதியிருந்தது இவ்வளவும்.

போலீஸ் தரப்பு வக்கீல்களின் வாதம் அழகானது. வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் புகுவது, சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தின் சட்டப்படியே குற்றமாம். ஆகவே பேப் செய்தது மாநிலச் சட்டத்தை மீறிய செயலாம். மாநில அதிகாரத்தில் செய்தது ஆகாதாம். அதாவது, "ஐயா, எங்கள் கட்சிக்காரர் அயோக்கியத்தனம் செய்தார், ஆகையால் விடுதலை செய்யுங்கள்." 1961ல் சுப்ரீம் கோர்ட் இதை ஏற்கவில்லை. போலீஸ் அதிகாரம் இருந்ததால்தானே கதவை உடைக்க முடிந்தது என்று கேட்டது. தொண்ணூறு வருஷம் தூங்கிய சட்டம் கண்விழித்தது. ஆனால் அதே தீர்ப்பில் சிகாகோ நகராட்சியைத் தப்பவிட்டார்கள். சட்டம் "நபர்" என்கிறது, நகராட்சி நபர் இல்லையாம். 1978ல், இல்லை இல்லை, நகராட்சியும் நபர்தான் என்று மாற்றிக்கொண்டார்கள். 1989ல் மாநிலம் மட்டும் நபர் இல்லை என்றார்கள். கம்பெனி நபர், நகராட்சி நபர், மாநிலம் மட்டும் அருவம்.

பேப் கதை அதோடு முடியவில்லை. மன்றோ குடும்பத்தின் புகாரை டைம் பத்திரிகை எழுதியபோது, அது வெறும் குற்றச்சாட்டுதான் என்று சொல்ல விட்டுவிட்டது. அவ்வளவுதான், பேப் மானநஷ்ட வழக்குப் போட்டார். கதவை உடைத்தபோது மற்றவர்களின் மானத்தைப் பற்றி வராத கவலை தன் மானத்தைப் பற்றி வந்துவிட்டது. பத்து வருஷம் இழுத்து 1971ல் சுப்ரீம் கோர்ட்டில் அதிலும் தோற்றார். ஒரே சம்பவத்துக்காக ஒருதடவை பிரதிவாதியாகவும் ஒருதடவை வாதியாகவும் சுப்ரீம் கோர்ட்வரை போய் இரண்டிலும் தோற்றது ஒரு சாதனைதான்.

சட்டம் விழித்துக்கொண்டதும் அரசாங்கத்துக்குத் தூக்கம் போயிற்று. மருந்து ஆறே வருஷத்தில் தயாரானது. 1961 செப்டம்பரில் 15 பாதிரியார்கள், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்து, மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் பஸ் நிலையத்தில் வெள்ளையருக்கு மட்டும் என்று போர்டு போட்டிருந்த இடத்துக்குச் சாப்பிடப் போனார்கள். அமைதியைக் குலைத்ததாகக் கைது. நாலு மாத ஜெயில், 200 டாலர் அபராதம் என்று உள்ளூர் நீதிபதி தீட்டிவிட்டார். கைதானவர்களில் ஒருவர் நியூயார்க் கவர்னர் ராக்ஃபெல்லரின் மருமகன். மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை, மிசிசிப்பியில் சமத்துவம் அன்றைக்கு அந்த ஒரு விஷயத்தில் இருந்தது. தண்டனை பின்னால் நிற்கவில்லை. பாதிரியார்கள் போலீஸ்மேலும் நீதிபதிமேலும் வழக்குப் போட்டார்கள். 1967ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: நீதிபதியைத் தொடவே முடியாது, முழுக் கவசம். போலீஸ் நல்லெண்ணத்தோடு செய்திருந்தால் அவர்களுக்கும் கவசம் உண்டு. 1871 சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் இந்த இரண்டு வாசகமும் விழாது. எப்படி வந்தது என்றால், காமன் லா என்கிற பழைய பொதுச் சட்டத்தில் இப்படி ஒரு வழக்கம் இருந்ததே, அதை நாடாளுமன்றம் வாயைத் திறந்து நீக்கவில்லையே என்றார்கள். இந்த விளக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

நீதிபதியைத் தொட முடியாது என்றேன். ஆனாலும் ஒருவர் தொட்டார். காபிக்காரர்.

1975 ஏப்ரல் 30. நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டின் சஃபோக் கவுண்டி. நீதிபதி வில்லியம் பெர்ரி ராத்திரி நேர டிராஃபிக் கோர்ட் நடத்திக்கொண்டிருந்தார். இடைவேளையில் காபி குடிக்க ஆசை. டெபுட்டி ஷெரிப் ஒருவர் வெளியே வண்டிக்கடையில் இரண்டு கப் வாங்கிவந்தார். ஒரு வாய் குடித்ததும் நீதிபதி முகம் மாறியது. காபி நாறுகிறது! கும்பகோணத்துக்காரர் யாரும் இதுவரை அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கப்புறம் செய்ததுதான் விஷயம். "அந்தக் காபிக்காரனை விலங்கு மாட்டி என் முன்னால் கொண்டுவா" என்று உத்தரவிட்டார்.

டெபுட்டி இரண்டு போலீஸாரோடு போனார். காபிக்காரர், விலங்கெல்லாம் எதற்கு, நானே வருகிறேன் என்றார். நீதிபதி அப்படித்தான் கேட்டிருக்கிறார் என்று மாட்டினார்கள். அவமானமாக இருக்கிறது என்றதற்கு, கைமேல் கோட்டைப் போட்டு மூடிக்கொள் என்று யோசனை சொன்னார்கள். கூட்டம் நிறைந்த வராந்தா வழியாக அழைத்துப்போனபோது, ஹாட்டாக் விற்கிறவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று யாரோ கத்தினார்கள். அறைக்குள் கோர்ட் சுருக்கெழுத்தாளர் தயாராக இருந்தார். விலங்கைக் கழற்றாதே என்றார் நீதிபதி. இரண்டு கப் காபியும் சாட்சியமாக இருக்கிறது என்றார். பிறகு சுமார் இருபது நிமிஷம் கத்தினார். உன் லைசென்ஸை ஒழிப்பேன், பிழைப்பைக் கெடுப்பேன் என்று மிரட்டி அனுப்பினார். அதோடு விட்டாரா? அடுத்த இடைவேளைக்கு வண்டி வந்ததும் மறுபடி கூப்பிட்டனுப்பினார். காபியைப் பரிசோதனைக்கு அனுப்பப்போகிறேன், தப்பை ஒத்துக்கொண்டால் விட்டுவிடுகிறேன் என்று பேரம் பேசினார். காபிக்காரர் கடைசிவரை என் காபி கெட்ட காபி என்று ஒத்துக்கொள்ளவில்லை. தொழில் தர்மம்!

அந்த ராத்திரிக்குப் பிறகு மனுஷருக்குத் தூக்கம் இல்லை, தலைவலி, பேச்சில் திக்கல், வைத்தியம். நீதிபதியோ மேலிட விசாரணையில் பொய் சொல்லிப் பதவியை இழந்தார். 1983ஆம் பிரிவின்கீழ் காபிக்காரர் போட்ட வழக்கில் ஜூரி 80,000 டாலர் நஷ்டஈடு கொடுத்தது. இனி எந்த நீதிபதியும் காபிக்காக விலங்கு தேடக் கூடாது என்பதற்காக மேலும் 60,000 டாலர் தண்டத் தொகை. தண்டம் ஜாஸ்தி என்று பெர்ரி அப்பீல் போனார். 1978ல் அதுவும் தள்ளுபடி. இரண்டு கப் காபி 1,40,000 டாலர். எந்த ஏர்போர்ட்டிலும் இந்த விலை கிடையாது.

இதைப் படித்துவிட்டு நீதிபதிகளுக்குக் கடிவாளம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1989ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நீதிபதி, அரசு வக்கீல் உதவிப் பிரிவைச் சேர்ந்த வக்கீல் ஒருவர் தன் கோர்ட்டுக்கு நேரத்துக்கு வரவில்லை என்று கோபித்துக்கொண்டு, பலாத்காரமாக இழுத்துவரும்படி போலீஸுக்குச் சொன்னாராம். அவர்களும் பக்கத்துக் கோர்ட்டிலிருந்து அவரைத் தூக்கி, வைது, கதவுகளில் மோதி இழுத்துவந்தார்கள் என்பது புகார். 1991ல் சுப்ரீம் கோர்ட், வாய்வாதம்கூடக் கேட்காமல், நீதிபதிக்கு முழுக் கவசம் என்றது. வக்கீலை வரவழைப்பது நீதிபதியின் வேலைதானாம், முறை தப்பாக இருக்கலாம், வேலை வேலைதான். என் கணக்கில் அந்த வக்கீல் செய்த ஒரே தப்பு, கையில் இரண்டு கப் காபி வைத்துக்கொள்ளாதது.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 1971ல் இண்டியானாவில் ஒரு தாய் கேட்டார் என்பதற்காக, விசாரணை இல்லாமல், வழக்கு எண் இல்லாமல், 15 வயதுப் பெண்ணுக்குக் கருத்தடை அறுவை செய்ய ஒரு நீதிபதி கையெழுத்துப் போட்டார். பெண்ணிடம் குடல்வால் ஆபரேஷன் என்றார்கள். கல்யாணமாகிக் குழந்தை பிறக்காதபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. காபிக்காரர் அப்பீலில் ஜெயித்த அதே 1978ல் அவள் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றாள்.

1982ல் கவசத்துக்கு மெருகு ஏறியது. விமானப்படை வாங்கிய விமானத்தில் 200 கோடி டாலர் கூடுதல் செலவு என்று உண்மையைச் சொல்லி வேலையை இழந்த எர்னஸ்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு, முன்னாள் ஜனாதிபதி நிக்சன் மேலும் அவருடைய ஆட்கள் மேலும் வழக்குப் போட்டார். நிக்சனுக்கு முழுக் கவசம் என்று ஒரு தீர்ப்பு. ஆட்களுக்கு என்ன என்று இன்னொரு தீர்ப்பு. நல்லெண்ணமா கெட்டெண்ணமா என்ற ஆராய்ச்சியே இனி வேண்டாம், அவர்கள் மீறிய உரிமை அந்தச் சமயத்தில் "தெளிவாக நிலைநாட்டப்பட்ட" உரிமையா என்று மட்டும் பார் என்றார்கள். நடைமுறையில் இதற்கு அர்த்தம்: இதே மாதிரி அட்டூழியத்தை, இதே மாதிரி சூழ்நிலையில், முன்பு ஒருவன் செய்து, அது தப்பு என்று மேல்கோர்ட் சொல்லியிருக்க வேண்டும். புதுமாதிரி அட்டூழியம் செய்பவனுக்குக் கவசம் உண்டு. கற்பனைத் திறனுக்கு அரசு ஊக்கத்தொகை.

நாஷ்வில்லில் ஒருவர், கையைத் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த தன்மேல் போலீஸ் நாயை ஏவினார்கள் என்று வழக்குப் போட்டார். பழைய தீர்ப்பு ஒன்று இருந்தது, சரணடைந்தவன்மேல் நாயை ஏவியது தப்பு என்று. ஆனால் அதில் அவன் படுத்திருந்தான், இவர் உட்கார்ந்திருந்தார். ஆகவே தெளிவில்லை, தள்ளுபடி. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் 2013ல் வாரண்டோடு சோதனைக்குப் போன போலீஸார், 2,25,000 டாலருக்கும் மேல் பணமும் அரிய நாணயங்களும் சுருட்டினார்கள் என்று புகார். மேல்கோர்ட் 2019ல் சொன்னது: திருடுவது தப்பு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் வாரண்டின்படி கைப்பற்றிய பொருளைத் திருடுவது நியாயமற்ற சோதனையையும் பறிமுதலையும் தடுக்கும் நாலாவது திருத்தத்தை மீறுவதா என்பது தெளிவாக நிலைநாட்டப்படவில்லை.

அமெரிக்காவைப் பார்த்து நாம் ரொம்பச் சிரித்துவிடக் கூடாது. 1947ல் மீரட்டில் ஒரு தங்க வியாபாரியிடம் போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்தை, பறிமுதல் பொருள்களை வைக்கும் மால்கானாவின் பொறுப்பில் இருந்த தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கே போய்விட்டார். பறிமுதல் என்பது இறையாண்மை சார்ந்த வேலை, அரசு பொறுப்பில்லை என்று நம் சுப்ரீம் கோர்ட் 1964ல் கைவிரித்தது. கஸ்தூரிலால் வழக்கு என்றால் நம்மூர்ச் சட்டக் கல்லூரிப் பையன்களுக்குத் தெரியும். ராஜாவின் சலுகையை ஒளித்துவைத்துக்கொண்ட வீடு அமெரிக்கா மட்டும் இல்லை.

சரி, ஒருதடவை தெளிவாகச் சொல்லிவிட்டால் அடுத்தவனாவது மாட்டுவானே? அதற்கும் வழி அடைத்தார்கள். உரிமை மீறப்பட்டதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே, தெளிவில்லை என்று மட்டும் சொல்லி ஃபைலை மூடலாம் என்று 2009ல் அனுமதி கொடுத்தார்கள். தீர்ப்பு இல்லாததால் தெளிவில்லை, தெளிவில்லாததால் தீர்ப்பில்லை. நியாயமாகச் சொன்னால், கழிவுகள் அப்பிய அறையில் ஆறு நாள் கைதியை அடைத்தது தப்பு என்பதற்கு முன்தீர்ப்பு தேவையில்லை என்று 2020ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் ஒத்துக்கொண்டது. அதற்கே ஒரு சுப்ரீம் கோர்ட் தேவைப்பட்டது.

மாநிலப் போலீஸ் கதை இது. மத்திய அரசின் ஆட்கள் 1983ஆம் பிரிவிலேயே வர மாட்டார்கள். 1965ல் புரூக்ளினில் போதைப்பொருள் ஏஜெண்டுகள் வாரண்ட் இல்லாமல் பிவன்ஸ் என்பவரின் வீட்டில் புகுந்து மனைவி மக்கள் முன்னால் விலங்கு மாட்டினார்கள். அவர் வக்கீல் இல்லாமல் தானே மனு எழுதி, ஆளுக்கு 15,000 டாலர் கேட்டார். ஆட்களின் பெயர் தெரியாததால் வழக்கின் தலைப்பு "பெயர் குறிப்பிட்ட, அடையாளம் தெரியாத ஆறு ஏஜெண்டுகள்" என்று அமைந்துவிட்டது. பெயர் குறிப்பிட்டால் எப்படி அடையாளம் தெரியாது என்று இன்றுவரை சட்ட மாணவர்கள் முழிக்கிறார்கள். 1971ல் ஜெயித்தார். 1979, 1980ல் இன்னும் இரண்டு பேருக்கு அதே வழியைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதுவிதமான வழக்கு எதற்கும் சுப்ரீம் கோர்ட் அந்த வழியைத் திறந்துவிடவில்லை.

கடைசியாக மோதிப் பார்த்தவர்களில் ஒருவர் கனடா எல்லையை ஒட்டி "ஸ்மக்ளர்ஸ் இன்" என்ற விடுதி நடத்தியவர். கடத்தல்காரர் விடுதி! கார் நம்பர் பிளேட்டிலும் அதே பெயர். கடத்தல் பற்றி அரசாங்கத்துக்குத் துப்புக் கொடுத்துக் காசு வாங்கியவரும் அவரேதான். எல்லைக் காவல் ஏஜெண்ட் ஒருவர் துருக்கியிலிருந்து வந்த விருந்தாளியை விசாரிக்க வளாகத்துக்குள் வந்தார். வெளியே போ என்றதற்குத் தன்னைக் கீழே தள்ளினார், புகார் கொடுத்ததும் வருமான வரிக்காரர்களை ஏவிவிட்டார், நம்பர் பிளேட்டைப் பற்றியும் போட்டுக்கொடுத்தார் என்பது விடுதிக்காரரின் வழக்கு. 2022ல் சுப்ரீம் கோர்ட் கதவைச் சாத்தியது. குறையிருந்தால் அந்தத் துறைக்கே மனுக் கொடுக்கலாமே என்றது. அடித்தவன் ஆபீசிலேயே புகார்ப் பெட்டி இருக்கிறது, போட்டுவிட்டுப் போ.

இத்தனை கவசமும் எதற்கு என்றால், சம்பளக்காரப் போலீஸ்காரர் சொந்தப் பணத்தைக் கட்டி நடுத்தெருவுக்கு வந்துவிடுவாரே என்ற கருணை. ஜோவன்னா ஷ்வார்ட்ஸ் என்ற சட்டப் பேராசிரியை 2006 முதல் 2011 வரை பல போலீஸ் துறைகள் கொடுத்த நஷ்டஈட்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். போலீஸார் தங்கள் பையிலிருந்து கொடுத்தது மொத்தத் தொகையில் 0.02 சதவீதம். மீதி எல்லாம் வரி கட்டுகிறவன் தலையில்.

இப்போது அந்தப் பழைய விளக்கம். பொதுச் சட்டத்தில் இருந்த கவசத்தை 1871ல் நாடாளுமன்றம் வாயைத் திறந்து நீக்கவில்லை என்றுதானே இத்தனையும் கட்டினார்கள்? 2023ல் அலெக்சாண்டர் ரெய்னர்ட் என்ற பேராசிரியர், நாடாளுமன்றம் நிறைவேற்றிய மூல வாசகத்தைச் சுட்டிக்காட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார். மாநிலத்தின் எந்தச் சட்டமோ, வழக்கமோ, பழக்கமோ இதற்கு மாறாக இருந்தாலும் அது செல்லாது என்ற பொருளில் 16 ஆங்கில வார்த்தைகள் அதில் இருந்தன. வாயைத் திறந்துதான் நீக்கியிருக்கிறார்கள். 1874ல் சட்டங்களையெல்லாம் ஒரே புத்தகமாகத் தொகுத்தபோது அந்த 16 வார்த்தைகள் விடுபட்டுப்போயின. காரணம் எதுவும் எழுதிவைக்கவில்லை. பின்னால் வந்த நீதிபதிகள் புத்தகத்தைத்தான் பார்த்தார்கள்.

அதே 2023ல் டெக்சாஸ் சிறையில் பன்றிக் கொட்டகையின் கூரை தலையில் விழுந்து அடிபட்ட கைதி ஒருவரின் வழக்கு மேல்கோர்ட்டுக்கு வந்தது. டான் வில்லட் என்ற நீதிபதி இந்த 16 வார்த்தைகளை எடுத்துப் போட்டு, இது பெரிய விஷயம், ஆனால் சுப்ரீம் கோர்ட்தான் தீர்க்க வேண்டும், என் கை கட்டப்பட்டிருக்கிறது என்று தனியாக எழுதினார். எழுதிவிட்டுக் கைதிக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். சுப்ரீம் கோர்ட் அப்பீலை எடுத்துக்கொள்ளவில்லை. சட்டப் புத்தகத்தில் அந்த 16 வார்த்தைகள் இன்றும் இல்லை.